பேச்சை முடித்தவர் யார்?

காஞ்சிபுரம் மாநகராட்சிக்கு 51 வார்டுகள். மேயர் மீது கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள 2024 ஜூலை 29 அன்று மாமன்றம் கூட்டப்பட்டது. ஆளுங்கட்சிக் கவுன்சிலர்களிலேயே ஒரு பகுதியினர் மேயருக்கு எதிராக நின்றதால் ஊரில் அதற்கு முன் பல நாளாக அதுதான் பேச்சு. கூட்ட நேரம் வந்தது, கவுன்சிலர்கள் வரவில்லை. ஆணையர் காத்திருந்து பார்த்துவிட்டுத் தீர்மானம் தோற்றதாக அறிவித்தார். மேயர் மேல் என்ன குற்றச்சாட்டு, அதற்கு அவருடைய பதில் என்ன என்பது மன்றத்துக்குள் விவாதமாகவே வரவில்லை. அந்த விவாதத்தை முடித்தது யார் என்று மன்றப் பதிவேட்டைப் புரட்டித் தெரிந்துகொள்ள முடியாது. வராதவர்கள் எல்லோரும் சேர்ந்து முடித்தார்கள். அதனால் யாரும் முடிக்கவில்லை.

சட்டமன்றங்களில் விவாதத்தை முடிக்கும் முறைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, பேசுவதற்குப் போதிய நேரம் கொடுக்கப்பட்டதா என்றுதான். நியாயமான கேள்வி. எந்த மன்றத்திலும் பேச்சு ஒரு கட்டத்தில் முடிந்துதான் தீரவேண்டும். முடியாத பேச்சும் ஒருவகை அடக்குமுறைதான், அதில் பெரும்பான்மையை அடக்குவது சிறுபான்மை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு கேள்வி. போதும் என்று சொன்னவர் யார், அவருக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்கள் யார் என்பது எழுத்தில் இருக்கிறதா? இப்படிக் கேட்டுப் பார்த்தால், பேச்சை வெட்டுவதற்கென்றே இருக்கும் முரட்டு விதி மற்ற வழிகளைவிட யோக்கியமானதாகத் தெரிகிறது. நாம் அதைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டு, பார்வைக்குச் சாதுவான வேறு வழிகளுக்குப் போய்விட்டோம்.

அந்த முரட்டு விதி பிறந்த கதை அயர்லாந்தோடு சம்பந்தப்பட்டது. 1881இல் அயர்லாந்தில் நிலக் கிளர்ச்சி. விசாரணை இல்லாமல் ஆட்களைச் சிறையில் வைக்க அதிகாரம் கேட்டு கிளாட்ஸ்டன் அரசு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்கள் சபையில் ஒரு மசோதா கொண்டுவந்தது. பார்னெல் தலைமையிலான அயர்லாந்து உறுப்பினர்களுக்கு அதைத் தோற்கடிக்கும் எண்ணிக்கை இல்லை. பேசத் தடையும் இல்லை. ஒருவர் உட்கார்ந்தால் அடுத்தவர் எழுந்தார். ஜனவரி 31 திங்கட்கிழமை மாலை தொடங்கிய அமர்வு செவ்வாய் முழுக்க ஓடிப் புதன் காலை வரை, 41 மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. பிப்ரவரி 2 காலையில் சபாநாயகர் ஹென்றி பிராண்ட் எழுந்து, இனி யாரையும் பேச அழைக்கமாட்டேன் என்ற பொருளில் அறிவித்துக் கேள்வியை வாக்குக்கு விட்டார். அப்படிச் செய்ய அவருக்கு எந்த விதியும் இடம் கொடுக்கவில்லை. தம் சொந்தப் பொறுப்பில் செய்தார். மறுநாள் அயர்லாந்து உறுப்பினர்கள் 36 பேர் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1882இல் விவாத முடிவு முறையாக விதிப்புத்தகத்தில் ஏறியது. 1887இல் இன்னொரு அயர்லாந்து மசோதாவுக்காகக் கில்லட்டின் வந்தது. குறித்த மணி அடித்ததும் மிச்சமிருக்கும் பிரிவுகளையெல்லாம் பேச்சில்லாமல் வாக்குக்கு விடும் ஏற்பாடு அது.

பிராண்ட் செய்தது சரியா என்று இன்றும் வாதாடலாம். வாதாட முடிவதற்குக் காரணம், செய்தவர் அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாததே.

நம் மக்களவை விதிகளில் இது 362ஆம் விதி. விவாதம் நடந்துகொண்டிருக்கும்போது எந்த உறுப்பினரும் எழுந்து, இந்தக் கேள்வி இப்போது வாக்குக்கு விடப்படட்டும் என்று முன்மொழியலாம். விதியைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றோ, நியாயமாக விவாதிக்கும் உரிமை பறிபோகிறது என்றோ சபாநாயகருக்குத் தோன்றினால் அவர் மறுக்கலாம். மறுக்காவிட்டால் அந்த முன்மொழிவு உடனே வாக்குக்குப் போகும், அதன் மேல் பேச்சு கிடையாது. மூலத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவருக்குப் பதில் சொல்லும் உரிமை மட்டும் இருக்கும். பிரிட்டனில் விவாத முடிவு நிறைவேறக் குறைந்தது 100 உறுப்பினர்களாவது ஆதரித்து வாக்களிக்க வேண்டும். நம் விதியில் அப்படி ஒரு வாசல்படி இல்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். அமெரிக்க செனட்டில் 1917 வரை பேச்சை நிறுத்த வழியே இல்லை. அந்த ஆண்டு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு என்று விதி வகுத்தார்கள், 1975இல் அதை ஐந்தில் மூன்றாகக் குறைத்தார்கள். 1964இல் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் குடிமை உரிமைகள் சட்டத்தைத் தடுக்கத் தென் மாநில செனட்டர்கள் வாரக்கணக்கில் பேசியபோது, ஜூன் 10 அன்று 71க்கு 29 என்ற கணக்கில் பேச்சு நிறுத்தப்பட்டது. அந்த 71 பேர் யார், 29 பேர் யார் என்று இன்று பள்ளி மாணவன்கூடத் தேடி எடுத்துவிடலாம்.

மன்றத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்களை என்ன செய்வது என்று யோசித்தவர்களில் லண்டன்காரர்கள் முதல்வர்கள் அல்ல. திருநெல்வேலிச் சீமையில் மானூர் என்ற ஊரில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய கி.பி. 800ஐ ஒட்டியது. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம் என்று சொல்லிவிட்டு, சபையில் வரும் எதற்கும் 'அன்று' என்று மறித்துக் குத்துக்கால் செய்கிறவர்களுக்கு ஐந்து காசு தண்டம் என்கிறது. அவர்களுக்குத் துணை நின்றவர்களுக்கும் அதே தண்டம். சிறுபான்மைக் குரலைக் காசு போட்டு அடக்கும் ஏற்பாடு என்று இதைக் கண்டிக்கலாம், நானும் கண்டிப்பேன். தண்டம் வாங்க வேண்டுமானால் மறித்தவர் யார், கூட நின்றவர் யார் என்று சபை பெயரோடு தீர்மானித்தாக வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உத்திரமேரூரில் இதைவிட விரிவான சாசனம் உண்டு. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் பாடப்புத்தகம் வழியாக எல்லோருக்கும் தெரிந்தவை. 30 குடும்புகள், அதாவது வார்டுகள். உறுப்பினராக நிற்பவருக்கு வயது 35க்கு மேல் 70க்குக் கீழ். கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில், அதாவது நிர்வாகக் குழுவில், இருந்திருக்கக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. இவ்வளவும் சொல்கிறவர்கள், உள்ளே போனபின் எவ்வளவு நேரம் பேசலாம், யார் நிறுத்தலாம் என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர்கள் கவலை வேறொன்றைப் பற்றியது.

அது எது என்று ஓலை எடுக்கும் முறையைப் பார்த்தால் தெரியும். சபை முழுவதும் பாலரும் முதியவருமாகக் கூடியிருக்க வேண்டும். கோயில் நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பெயர் எழுதப்படும். விரலை ஏன் விரிக்க வேண்டும்? மடக்கிய விரலுக்குள் இன்னொரு ஓலை இருக்கலாம் அல்லவா! மனிதர்களை நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதிய விதி இது. அந்தச் சபையில் வேதம் படித்த, நிலம் வைத்திருந்த பிராமண ஆண்கள் மட்டுமே உட்கார முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இதைப் புகழ்வது நேர்மையில்லை. தறி போட்டவர்களுக்கு அங்கே இடம் கிடையாது. ஆனால் அதே பத்தாம் நூற்றாண்டில், இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் உத்தம சோழன் செப்பேடு, கச்சிப்பேட்டு நெசவாளர் சேரிகளிடம் ஊரகத்துக் கோயிலின் நிர்வாகப் பொறுப்பை ஒப்படைக்கிறது. காஞ்சி நெசவாளர்களுக்குக் கணக்குக் கேட்பது புதிதல்ல.

2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் நரேந்திர மோடி உத்திரமேரூரை எடுத்துச் சொன்னார். அதற்கு மூன்று மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்பு, செப்டம்பர் 20 ஞாயிற்றுக்கிழமை, மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியிருந்தன. அவை முடியவேண்டிய நேரம் பகல் ஒரு மணி. துணைத் தலைவர் ஹரிவன்ஷ் நேரத்தை நீட்டினார், எதிர்க்கட்சிகள் அமைச்சரின் பதிலை மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்றன. மசோதாக்களைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரியவர்களில் திமுகவின் திருச்சி சிவாவும் ஒருவர். எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பு வேண்டும் என்ற குரல் எழுந்தது, குரல் வாக்கெடுப்போடு முடிந்தது. உறுப்பினர்கள் இருக்கையில் இருந்து கேட்கவில்லை, அவை ஒழுங்காகவும் இல்லை என்பது துணைத் தலைவர் தரப்பு. இருக்கையில் இருந்தே கேட்டோம் என்பது அவர்கள் தரப்பு. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த ஆண்டுக் குளிர்காலக் கூட்டத்தொடர் பெருந்தொற்றைக் காரணம் காட்டி நடத்தப்படவேயில்லை.

அரசுக்குப் பெரும்பான்மை இருந்ததா இல்லையா என்பதில் நான் புக விரும்பவில்லை. இருந்திருந்தால் எண்ணுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. எண்ணாமல் விட்டதால் ஒரு மாநிலத்தின் உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அந்த மாநிலத்து விவசாயி கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் போனது. குரல் வாக்கெடுப்பு மடக்கிய விரல்தான். ஓராண்டு கழித்து 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களை ரத்து செய்யும் மசோதா வந்தது. இரண்டு அவைகளிலும் விவாதம் இல்லாமல், மக்களவையில் சில நிமிடங்களில், அதுவும் குரல் வாக்கெடுப்பில் போனது. டெல்லி எல்லையில் ஓராண்டாக விவசாயிகள் உட்கார்ந்திருந்த ஒரு விஷயத்தில், ஏன் கொண்டுவந்தோம், ஏன் திரும்பப் பெறுகிறோம் என்று அவைக்குள் எவரும் வாதாடவில்லை.

இவை கண்ணில் படும் நிகழ்ச்சிகள். கண்ணில் படாமல் ஆண்டுதோறும் நடப்பது பட்ஜெட்டில். அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் நூற்றை ஒட்டி இருக்கும். எவற்றை விவாதிப்பது, எவ்வளவு நேரம் என்பதை அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்யும். மக்களவையில் 1952 முதல் அந்தக் குழு இருக்கிறது; கட்சிகள் முன்கூட்டியே கூடி நேரத்தைப் பிரித்துக்கொள்வதால்தான் 362ஆம் விதிக்கு வேலை குறைந்துபோனது. நான்கைந்து அமைச்சகங்கள் விவாதத்துக்கு வரும், ரயில்வே பெரும்பாலும் இருக்கும். கடைசி நாளில் குறித்த மணிக்கு 208ஆம் விதிப்படி மிச்சம் எல்லாம் ஒரே மூட்டையாக வாக்குக்குப் போகும். நாடாளுமன்றச் செய்தியாளர்கள் இதைக் கில்லட்டின் என்றே எழுதுகிறார்கள். 2018 மார்ச் 14 அன்று ஒரு கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் மொத்தமும், நிதி மசோதாவும் சேர்ந்து, கூச்சலுக்கு நடுவே அரை மணி நேரம் போலக் கடந்து போயின. 2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான செலவினம் இதேபோல விவாதமின்றிப் போனது. 2013இலும் இது நடந்தது, அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் வேறு.

காஞ்சியில் தறி வைத்திருப்பவருக்கு இதில் என்ன? இங்கே நெய்யும் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்தும் உள்ளூர் அரசு ஆலையிலிருந்தும். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. குழித்தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர் போதாது, கரையின் நாடாவைத் தள்ளிவிட இன்னொருவர் பக்கத்தில் வேண்டும். கூலி பேசும்போது அந்த இரண்டாவது ஆளின் உழைப்பு கணக்கில் வருகிறதா என்பது ஒவ்வொரு வீட்டிலும் உள்ள மனக்குறை. இந்த நிலையில் 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 15 ஆனது. இதில் இரண்டு நியாயம் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரியில் கூடு விற்கும் விவசாயிக்கு இறக்குமதிப் பட்டின் போட்டி குறைகிறது. நூல் வாங்கும் நெசவாளருக்கும் கூட்டுறவு சங்கத்துக்கும் அடக்க விலை ஏறுகிறது. இரண்டு தரப்பும் ஒரே மாநிலத்து மக்கள், ஒரே உறுப்பினர்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வது என்று நேருக்கு நேர் பேசவேண்டிய இடம் ஜவுளி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை. அந்த அமைச்சகமோ தேர்ந்தெடுக்கப்படும் நான்கைந்துக்குள் வருவது அபூர்வம், மூட்டைக்குள் போவதுதான் வழக்கம். தொழிலாளர், ஜவுளி, திறன் மேம்பாட்டுக்கான நிலைக்குழு கோரிக்கையை ஆராய்ந்து அறிக்கை கொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் குழு கூடுவது கதவு சாத்திய அறையில்.

தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் நிலைமை இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் மேல். துறைவாரியாக நாள் ஒதுக்கி, கைத்தறி மற்றும் துணிநூல் துறைக்கும் விவாதம், கொள்கை விளக்கக் குறிப்பு, அமைச்சரின் பதில், அறிவிப்புகள் என்று ஒரு முறை இருக்கிறது. கிடைக்கும் நிமிடங்களை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பது தனிக்கதை. 2021 ஆகஸ்டில், மானியக் கோரிக்கை விவாதத்தில் தன்னைப் புகழ்ந்து பேசி நேரத்தைக் கரைத்தால் நடவடிக்கை எடுப்பேன் என்று முதல்வர் மு.க. ஸ்டாலினே தம் கட்சி உறுப்பினர்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. அமெரிக்க செனட்டில் எதிரியைத் தடுக்க நேரத்தைத் தின்பார்கள். நம் ஊரில் தலைவரை வாழ்த்தியே தின்றுவிடுவோம். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்தப் பழக்கத்துக்கு ஆயுசு கெட்டி.

கட்சிக்கு இவ்வளவு நிமிடம், கட்சி சொல்லும் ஆளுக்குத்தான் வாய்ப்பு, மணி அடித்தால் உட்கார வேண்டும் என்று ஆனபிறகு பேச்சை நிறுத்தத் தனியாக ஒரு தீர்மானம் எதற்கு? 1985 இதை இன்னும் இறுக்கியது. அந்த ஆண்டு ஜனவரி 30இல் மக்களவையும் 31இல் மாநிலங்களவையும் 52ஆவது திருத்தத்தை நிறைவேற்றிக் கட்சித்தாவல் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தன. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். கட்சி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம், ஒரு நல்ல பேச்சைக் கேட்டு மனம் மாறுவதையும் தடுத்துவிட்டது. எதிர்வரிசையில் ஒருவர் எவ்வளவு பொருத்தமாகப் பேசினாலும் ஒரு வாக்கும் நகராது என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். அப்புறம் பேச்சு நீண்டால் என்ன, குறைந்தால் என்ன என்ற சலிப்பு வருவது இயற்கை. பேச்சை முடிப்பவர்களுக்கு இந்தச் சலிப்பைவிடப் பெரிய துணை இல்லை.

ஆளையே வெளியேற்றிவிட்டால் பேச்சு தானாக முடிகிறது. 2023 டிசம்பரில் மக்களவைப் பாதுகாப்பு மீறல் குறித்து உள்துறை அமைச்சரின் விளக்கம் கேட்டுப் போராடிய உறுப்பினர்களில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் அந்தக் கூட்டத்தொடரில் இடைநீக்கம் ஆனார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று குற்றவியல் மசோதாக்கள் அந்தக் காலி இருக்கைகளுக்கு நடுவே டிசம்பர் 20 அன்று மக்களவையில் நிறைவேறின. முதல் நாள் பட்டியலில் சேலம் உறுப்பினர் எஸ்.ஆர். பார்த்திபன் பெயரும் இருந்தது. அவர் அன்று அவைக்கே வந்திருக்கவில்லை! அடையாளம் தவறிவிட்டது என்று பிறகு பெயரை நீக்கினார்கள். கவுன்சிலர்கள் வராமலிருந்து விவாதத்தை முடித்த ஊர் காஞ்சி என்றால், வராதவரையும் விவாதத்தைக் கெடுத்தவராகப் பட்டியலில் சேர்த்த இடம் டெல்லி.

பெயரோடு முடித்தவர் நம் பேரவை வரலாற்றிலும் உண்டு. 1972இல் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்ட கையோடு பேரவையில் கொந்தளிப்பு. அப்போது பேரவைத் தலைவர் கே.ஏ. மதியழகன், திமுகவைத் தொடங்கிய தலைவர்களில் ஒருவர். அரசு மக்களிடம் போகட்டும் என்ற கருத்தைச் சொல்லி நவம்பரில் அவையைத் தள்ளிவைத்தார். டிசம்பர் 2 அன்று அவை மீண்டும் கூடியபோது தலைவர் ஒருபுறமும் துணைத் தலைவர் ஒருபுறமும் ஒரே நேரத்தில் கூட்டத்தை நடத்தினார்கள். மதியழகன் பதவி பறிபோனது. அவர் செய்தது வரம்பு மீறலா, துணிச்சலா என்பதில் இன்றும் இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது. அவர்தான் செய்தார், அதற்கான விலையும் அவர்தான் கொடுத்தார் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை.

மன்றத்தில் விவாதம் முடிந்தால் விஷயமும் முடிந்துவிடுமா என்பதற்குக் காஞ்சிபுரமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. இங்கே நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த சி.என். அண்ணாதுரை 1957இல் இந்தத் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குப் போனார். 205 பேர் கொண்ட அவையில் திமுகவுக்கு 15 பேர். 1962இல் கட்சி 50 இடம் பிடித்தது, அண்ணா மட்டும் சொந்த ஊரில் காங்கிரசின் நடேச முதலியாரிடம் தோற்றார். காஞ்சி வாக்காளர்கள் சென்னைக் கதவைச் சாத்தியதால் டெல்லிக் கதவு திறந்தது. அந்த ஆண்டே மாநிலங்களவைக்குப் போனார்.

அங்கே அவர் எதிர்த்ததெல்லாம் நிறைவேறியது, ஆதரித்தது தோற்றது. பிரிவினை கோருவதைத் தடுக்க வந்த 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1963 மே மாதத்தில் போனது. அதே ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் போனது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க மேற்கு வங்கத்துக் கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை அண்ணா ஆதரித்துப் பேசினார், அது விழுந்தது. எண்ணிக்கை தமக்கு எதிராக இருப்பது அவருக்குத் தெரியாததல்ல. மொழி விவகாரம் ஏற்கனவே ஒருமுறை முடிக்கப்பட்டதுதான்: அரசியலமைப்பு நிர்ணய சபை 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை, ராஜேந்திர பிரசாத் தலைமையில், முந்நூறுக்கு மேல் திருத்தங்களோடு மல்லுக்கட்டி ஒரு சமரசத்தை எழுதிவைத்தது. 1963இல் அது திறந்தது. 1965 ஜனவரியில் தமிழ்நாட்டுத் தெருக்களில் உயிர்ப்பலியோடு மறுபடி திறந்தது. 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டிவந்தது. பெயர் மாற்றமும் அப்படித்தான். டெல்லியில் விழுந்த கோரிக்கை 1967 ஜூலை 18 அன்று சென்னைச் சட்டமன்றத்தில் ஒருமனதாக எழுந்தது, 1969 பொங்கல் நாளில் நடைமுறைக்கு வந்தது.

இதை வைத்து அண்ணாவை விவாதத்தின் காவலராக மட்டும் காட்டுவது பாதிக்கதை. முதலமைச்சரானபின் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை 1968 ஜனவரி 23 அன்று சிறப்புக் கூட்டம் கூட்டி அன்றே நிறைவேற்றிக்கொண்டது அவருடைய அரசு. பெரும்பான்மை கைக்கு வந்தவுடன் கடிகாரம் வேகமாக ஓடும், அதில் கட்சி வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இங்கே இருக்கிறது: 1963இல் தோற்ற பேச்சுகள் அவைக் குறிப்பில் முழுசாக இருந்தன. 1965இல் கிளர்ச்சி வெடித்தபோது, இதை முன்கூட்டியே சொன்னவர் யார், கேட்காமல் போனவர் யார் என்று பெயர் சொல்லிக் காட்ட முடிந்தது. வேளாண் சட்டங்களுக்கு அந்த வசதி இல்லை. அடுத்த முறை அதே கேள்வி வரும்போது புரட்டிப் பார்க்க வாக்குப் பட்டியல் கிடையாது.

இதைச் சரிசெய்ய அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. 118ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு அவையும் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது, மாநிலச் சட்டமன்றங்களுக்கு 208ஆம் பிரிவு. விதிக்குழு ஒரு பரிந்துரை கொடுத்து அவை ஏற்றால் போதும். கில்லட்டின் போடுவதற்கு முன், விவாதிக்காமல் விடப்படும் கோரிக்கைகளின் பட்டியலை ஒருவர் பெயரில் முன்மொழிந்து எண்ணி வாக்கெடுக்கலாம். 362ஆம் விதியில் பிரிட்டனைப் போலக் குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்றைச் சேர்க்கலாம். ஒரே ஓர் உறுப்பினர் கேட்டாலும், அவர் எங்கே நின்று கேட்டார் என்று பார்க்காமல், எண்ணித்தான் ஆகவேண்டும் என்று எழுதலாம். மக்களவையில் ஒவ்வொரு இருக்கையிலும் வாக்குப் பொத்தான் இருக்கிறது, எண்ணி முடிக்கச் சில நிமிடம் ஆகும். மாமன்றங்களுக்கு இன்னும் சுலபம்: கையெழுத்துப் போட்டுக் கூட்டம் கேட்டவர்கள் வராவிட்டால், வராதவர்களின் பெயரை வார்டு எண்ணோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லலாம்.